கடைசி வரை ஓட விடவும்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசல் மணி அடித்தபோது, மருந்துக்கடைக்காரர் முழங்கால் போட்டு, ஒரு கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தை டர்ன்டேபிளின் மேல் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மாதமாக அவருக்கு ரெக்கார்டுப் பைத்தியம். செல்போனில் கையளவில் எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது, தட்டைத் துடைத்து, ஊசியைத் துடைத்து, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய்த் திருப்பிப் போட்டுக் கேட்பதில் என்ன சுகம் என்று அவர் மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். இன்றைக்கு மாட்டிக்கொண்டவர் அவருடைய அக்கா கணவர். தீ விபத்தும் திருட்டும் நடந்த இடங்களுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதும் இன்சூரன்ஸ் மதிப்பீட்டாளர் அவர். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை என்று பெயர்.

"இப்ப கேளுங்க அத்தான். இடது பக்கம் ஒரு மயிரிழை தாழ்ந்திருந்துச்சு. சரி பண்ணிட்டேன். சத்தத்துல வித்தியாசம் தெரியுதா?"

"இன்னும் பாட்டே போடலயே மாப்ள" என்றார் மதிப்பீட்டாளர்.

மருந்துக்கடைக்காரர் மறுபடி ரசமட்டத்தில் ஒற்றைக் கண்ணை வைத்தபோதுதான் மணி அடித்தது. வந்தவள் இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். நாற்பத்தொரு வயது. அதே ரெக்கார்டுக் கடையில், அதே பெட்டிகளுக்கு முன்னால் குனிந்து நின்று, இருவருக்கும் பழக்கம். மூக்குக்கண்ணாடிச் சில்லு தேய்க்கிற கை என்பதால் எதையும் பதறாமல் பிடிக்கிறவள். இன்றைக்குச் செருப்பைக் கழற்றக்கூட மறந்திருந்தாள். ஒரு பழுப்பு நிறக் காகித உறையை மேசைமேல் வைத்தாள்.

"காணோம் அண்ணா. உறை இருக்கு, உள்ள தட்டு இல்ல."

மருந்துக்கடைக்காரர் ரசமட்டத்தைக் கீழே வைத்தார். அந்தத் தட்டைப் பற்றி அவருக்குத் தெரியும். ரெக்கார்டுக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். மதிப்பீட்டாளருக்குத்தான் தெரியாது. அவருக்காக அவள் முதலிலிருந்து சொன்னாள்.

அவளுக்கு இரண்டு வயதில் அம்மா இறந்துவிட்டாள். போட்டோ மூன்று இருக்கிறது. குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. நாலு வயதில் அதைக் கேட்டு ஒருநாள் முழுக்க அழுதபோது, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அப்பா இந்த உறையை எடுத்துக் காட்டி, "அம்மா குரல் இதுலதான் இருக்கு. நீ பெரியவளானதும் கேளு" என்றாராம். கடையின் பின்னறையில் தட்டு வெட்டுகிற மெஷின் ஒன்று இருந்தது. அதில் அவரே வெட்டிய தட்டு அது. உலகத்தில் ஒரே ஒரு பிரதி. மேலே லேபிள் கிடையாது, ஒரு எழுத்துக் கிடையாது. கடை போய், மெஷின் போய், போன வருடம் அப்பாவும் போனபிறகு, பரணிலிருந்த பெட்டியில் அது கிடைத்தது. அதைக் கேட்பதற்காகத்தான் அவள் டர்ன்டேபிள் வாங்கினாள். வாங்கியபிறகு கேட்கத் துணிவு வரவில்லை. பழகுவதற்காக மற்ற ரெக்கார்டுகளை வாங்கினாள். அதுவே பழக்கமாகி இப்போது முப்பத்தெட்டு இருக்கிறது.

"அந்த மாதிரித் தட்டு மெழுகு மாதிரி, ஒவ்வொரு தடவ போடும்போதும் கொஞ்சம் தேயும்னு கடையில சொன்னாங்க. அதனால எல்லாரையும் கூப்பிட்டு, நாளைக்கு ஒரே ஒரு தடவ போட்டு, அப்பவே பதிவு பண்ணிக்கலாம்னு இருந்தேன். உறவுக்காரங்க இருபது பேர் வர்றாங்க." அவள் நிறுத்தினாள். "அவங்க வரட்டும், போகட்டும். எனக்கு அந்தக் குரல் வேணும் சார்."

மதிப்பீட்டாளர் உறையைக் கையில் எடுத்தார். நீல மையில், மெக்கானிக்குகளுக்கே உரிய அச்செழுத்துப் போன்ற கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி: அம்மா குரல். இரண்டாவது வரி: கடைசி வரை ஓட விடவும்.

"அப்பா எல்லாத்துலயும் இப்படி எழுதி ஒட்டுவார்" என்றாள் அவள். "மிக்ஸில கூட, 'பாதியில் நிறுத்தவும்'னு எழுதியிருக்கும்."

"காணாமப் போனது எப்பத் தெரிஞ்சது?"

"வியாழக்கிழமை சாயந்தரம் பாத்தேன், இருந்துச்சு. நேத்து காலைல பத்து மணிக்குக் கடைக்குப் போயிட்டேன். ஏழு மணிக்கு வந்து ஒரு ரெக்கார்டு போட்டேன். ஆம்பளக் குரல் அணில் கத்துற மாதிரி வருது. மெஷின்தான் போச்சுன்னு நெனச்சேன். சுத்துற தட்டைத் தூக்கிப் பாத்தா, பெல்ட்டு நாப்பத்தஞ்சுல கிடக்கு."

மதிப்பீட்டாளர் திரும்பிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் இதற்காகவே காத்திருந்தவர். தன் மெஷினின் மேல்தட்டைத் தூக்கி, கீழே மோட்டாரின் முனையிலிருந்த சின்ன உருளையைக் காட்டினார். அதில் இரண்டு படி; அங்கிருந்து ஒரு ரப்பர் பெல்ட் தட்டைச் சுற்ற வைக்கும். பெரிய ரெக்கார்டுகள் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றுச் சொச்சம் சுற்ற வேண்டும், அப்போது பெல்ட் சின்னப் படியில் இருக்கும். சின்ன ரெக்கார்டுகளுக்கு நாற்பத்தைந்து, அப்போது பெரிய படி. இந்த வகை மெஷினில் மாற்றுவதற்குப் பொத்தான் கிடையாது. கையால்தான் மாற்ற வேண்டும்.

"என்கிட்ட நாப்பத்தஞ்சு ரெக்கார்டே கிடையாது. நான் அந்தப் பெல்ட்ட தொட்டதே இல்ல" என்றாள். "உடனே அலமாரிக்கு ஓடினேன். பாதுகாப்புக்காக அந்தத் தட்டை உறையோட ஒரு பெரிய ரெக்கார்டு அட்டைக்குள்ள சொருகி வச்சிருந்தேன். எதுக்குள்ளன்னு யார்கிட்டயும் சொல்லல. உறை அங்கேயே இருந்துச்சு. காலியா."

"நேத்து வீட்டுல யார் யார் இருந்தாங்க?"

"சித்தி எப்பவும் இருப்பாங்க. அம்மாவோட தங்கச்சி. அவங்கதான் எங்கள வளத்தாங்க. மதியம் பன்னெண்டு மணிக்கு ரெக்கார்டுக் கடைக்காரர் ஏதோ கொடுக்க வந்து உக்காந்துட்டுப் போயிருக்கார். ஒரு மணிக்கு எங்க அண்ணன் வந்து, சாப்பிட்டு, ஃபேன் சுவிட்சை மாத்திட்டுப் போயிருக்கார். சித்தி அப்ப அரைமணி நேரம் படுத்திருந்தாங்களாம். பூட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு."

மதிப்பீட்டாளர் எழுந்தார். "போகலாம் மாப்ள. பாட்டை அப்புறம் கேக்கலாம்." அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாக மருந்துக்கடைக்காரருக்குப் பட்டது. சந்தேகத்தின் பலனை அத்தானுக்கே கொடுத்துவிட்டார்.

*

கண்ணாடிக்கடைக்காரியின் வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் டர்ன்டேபிளும் அலமாரியும் இருந்தன. மதிப்பீட்டாளர் இருப்பதிலேயே முதுகு சாய முடியாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். மருந்துக்கடைக்காரர் ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். பத்தே நிமிடத்தில் துள்ளிக் குதித்தார்.

"அத்தான்! உள் உறையப் பாருங்க!"

ஒவ்வொரு ரெக்கார்டும் ஒரு மெல்லிய காகித உறையிலும், அது ஒரு கெட்டி அட்டையிலுமாக இரண்டு சட்டை போட்டிருந்தது. முப்பதில் உள் உறையின் வாயும் அட்டையின் வாயும் ஒரே பக்கம் பார்த்தன. எட்டில் மட்டும் உள் உறையின் வாய் மேலே பார்த்திருந்தது.

"நான் எப்பவும் வாய வெளிப்பக்கம் பாத்துதான் வைப்பேன். எடுக்கச் சுலபம்" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி.

"அப்படி வைக்கவே கூடாது" என்றார் மருந்துக்கடைக்காரர், ஏழு மாதத்து அனுபவத்தோடு. "தூசி போகும், தட்டு உருண்டு விழும். விஷயம் தெரிஞ்சவன் வாய மேல திருப்பித்தான் வைப்பான். திருடன் எந்த அட்டைக்குள்ள இருக்குன்னு தெரியாம ஒவ்வொண்ணா தேடியிருக்கான். எட்டாவதுல கிடைச்சிருக்கு. திரும்ப வைக்கும்போது பழக்கதோஷத்துல ஒழுங்கா வச்சிட்டான்! இந்த ஊர்ல இந்தப் பழக்கம் உள்ள ஆள் ஊசியார்தான்!"

ஊசியார் என்பது ரெக்கார்டுக் கடைக்காரரின் பட்டப்பெயர். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாலும் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டாலும் பேச்சை ஊசியில் கொண்டுவந்து முடிப்பார்.

"இருக்கலாம்" என்றார் மதிப்பீட்டாளர். "அந்த எட்டுலயும் தட்டுமேல கைரேகை ஏதாவது இருக்கா?"

மருந்துக்கடைக்காரர் எட்டையும், ஒப்பிட இன்னொரு நாலையும் வெளியே எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு ரேகைகூட இல்லை.

அந்த நேரத்தில் அண்ணன் வந்து சேர்ந்தார். டிரைவிங் பள்ளி நடத்துபவர். எதிரில் இருப்பவரை எப்போதும் தன் பக்கத்து இருக்கையில் பயத்தோடு உட்கார்ந்திருப்பவராகவே நினைத்துப் பேசுவார்.

"இதுக்குப் போய் இன்சூரன்ஸ்காரரையா கூட்டிட்டு வந்திருக்க? அது எங்கயாவது விழுந்து கிடக்கும். எனக்கு அப்பவே பிடிக்கல. அம்மா குரல் எனக்கு லேசா ஞாபகம் இருக்கு. இருபது பேர கூட்டி வச்சு, கச்சேரி மாதிரியா போடுவாங்க?"

"நியாயம்தான்" என்றார் மதிப்பீட்டாளர். "இதக் கொஞ்சம் பிடிங்க" என்று மேசையிலிருந்து ஒரு தட்டை நீட்டினார். அண்ணன் அதைத் தோசைத் தட்டை வாங்குவதுபோல் வாங்கினார். பெருவிரல் மொத்தமும் வரிகளின்மேல் அழுந்தியது. மருந்துக்கடைக்காரர் கையை நீட்டி ஓடிவந்தார். வாய்விட்டே "ஐயோ" என்றார்.

"உங்க சித்தி ரொம்பக் கஷ்டப்பட்டு வளத்தாங்களோ?" என்று மதிப்பீட்டாளர் சம்பந்தமில்லாமல் கேட்டார்.

"பின்ன? கவர்மெண்டு வேலைய விட்டுட்டு வந்தாங்க சார். ரேடியோ ஸ்டேஷன்ல ஏதோ குமாஸ்தா வேலை. கல்யாணமும் பண்ணிக்கல."

சித்தி தேநீரும் பிஸ்கட்டுமாக ஒரு தட்டுடன் வந்தார். அறுபத்தாறு வயது, ஒல்லியான உருவம். மேசையில் வைக்க இடமில்லை. அதை மருந்துக்கடைக்காரர் கையில் திணித்துவிட்டு, "எனக்கு இந்த மெஷினக் கண்டாலே பயம். இதுங்கள நான் கிட்டயே சேக்கறதில்ல" என்று முனகிக்கொண்டே மேசையை ஒழித்தார். நாலைந்து நிமிடத்தில் எல்லாம் உறைக்குள் போய் மேசை காலியானது. பன்னிரண்டு ரெக்கார்டும் சுவரோரமாக முதுகு தெரிய நிமிர்ந்து நின்றன. மருந்துக்கடைக்காரரின் கவனம் பிஸ்கட்டில்.

மதிப்பீட்டாளர் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, நிற்கிற அட்டைகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் இழுத்து, வாய்ப்பக்கமாக உள்ளே எட்டிப் பார்த்தார். பாட்டின் பெயர்களைப் படிக்கிறார் போலும், அத்தானுக்கும் ரசனை வந்துவிட்டது என்று மருந்துக்கடைக்காரர் மனதுக்குள் பூரித்தார்.

*

ஊசியாரின் கடைக்கு அவர்கள் போனபோது ஊசியார் ஒரு ஊசியைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் நாற்காலியில் சரிந்தார்.

"போச்சா? யார் வயித்துல அடிக்கிற வேலை இது? உறை? உறையும் போச்சா?"

"உறை இருக்கு."

"அப்ப எடுத்தவன் ரெக்கார்டுக்காரனே இல்ல" என்றார் ஊசியார் சட்டென்று. "வெட்டுனவர் கையெழுத்து உள்ள உறைய விட்டுட்டு எவனாவது தட்டை மட்டும் எடுப்பானா? லேபிள் இல்லாத தட்டுக்கு அந்த உறைதானே அடையாளம்!"

மருந்துக்கடைக்காரர் விடவில்லை. "நேத்து மதியம் நீங்க அங்க தனியா உக்காந்திருந்தீங்க இல்ல?"

"உக்காந்தேன். அந்தம்மா டீ போட்ட நேரம். அதுக்கு முன்னாடி மணி அடிச்சு நாலு நிமிஷம் வாசல்லயே நின்னேன். மூச்சு வாங்க வந்து திறந்தாங்க. தடிமனான ஊசி ஒண்ணு கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் காலத்துல கடையில வெட்டின தட்டு முக்கால்வாசி எழுபத்தெட்டு சுத்துல ஓடுறது. சாதா ஊசியப் போட்டா கீறிரும். அவங்க மெஷின்ல எழுபத்தெட்டே கிடையாது. அதனால ஞாயித்துக்கிழமை என் மெஷினையே தூக்கிட்டு வரேன்னு ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன். அந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும். வேணும்னா கடைய சோதனை போட்டுக்குங்க. ஆனா பெட்டிங்கள சாய்க்காதீங்க, ரெக்கார்டு வளைஞ்சிரும்."

வெளியே வந்ததும் மருந்துக்கடைக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. ஒரு மணி நேரமாகக் கட்டிய கோட்டை.

"அப்ப அண்ணன்தான் அத்தான். அவருக்குப் பிடிக்கலன்னு அவரே சொல்றார்."

"மாப்ள, நான் ஒரு வீடு எரிஞ்ச இடத்துக்குப் போனா, எரிஞ்சதப் பாக்கறதில்ல. மிச்சமிருக்கறதத்தான் பாப்பேன். இங்க மிச்சம் மூணு. எட்டு உள் உறை, ஒரு பெல்ட்டு, ஒரு காலி உறை." தெருமுனை வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். "சாயந்தரம் அஞ்சு மணிக்கு எல்லாரையும் கூப்பிடு. ஊசியாரையும் வரச் சொல்லு."

*

மாலையில் அதே கூடம். கண்ணாடிக்கடைக்காரி டர்ன்டேபிளின் பக்கத்தில் நின்றாள். அண்ணன் சோபாவை அடைத்து உட்கார்ந்திருந்தார். ஊசியார் கையில் ஒரு டப்பாவோடு ஜன்னலோரம். சித்தி சமையலறை நிலைப்படியில், பாதி உள்ளே பாதி வெளியே. மதிப்பீட்டாளர் அதே சங்கடமான நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் டர்ன்டேபிளைப் பார்த்தே பேசினார்.

"முதல்ல உள் உறைங்க. தேடினது பழகின கை. ஒரு ரேகை இல்ல, எட்டுலயும் வாய் மேல. இவரு தட்டைப் பிடிச்சதக் காலைல பாத்தோம். அதனால இவர் இல்ல."

அண்ணன் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்தார்.

"ரெண்டாவது, காலி உறை. சேக்கறவங்க, விக்கறவங்க எடுத்திருந்தா உறையையும் சேத்து எடுத்திருப்பாங்க. விட்டுட்டுப் போனவங்களுக்குத் தட்டால காசும் வேணாம், பெருமையும் வேணாம். அதனால கடைக்காரர் இல்ல."

"நன்றி" என்றார் ஊசியார். மருந்துக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்து இன்னொரு தடவை அழுத்தமாக "நன்றி" என்றார்.

"மூணாவது, பெல்ட்டு. எடுத்தவங்க எடுத்துட்டு மட்டும் போகல. போட்டுக் கேட்டிருக்காங்க. தட்டுமேல எழுத்தே இல்ல. எழுபத்தெட்டுலதான் ஓடும்னு கடைக்காரர் ஒரு மாசமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கார். அத நம்பினவங்களுக்கு இந்த மெஷின்ல போடவே தோணாது. ஆனா ஒருத்தர் பெல்ட்ட நாப்பத்தஞ்சுக்கு மாத்தியிருக்கார். மெஷின் வந்த அன்னிக்கு எப்படி மாத்தறதுன்னு கடைக்காரர் வீட்ல எல்லாருக்கும் காட்டியிருப்பார்."

"காட்டினேன்" என்றார் ஊசியார்.

"நாப்பத்தஞ்சுன்னு எப்படித் தெரியும்? போட்டுப் போட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்கலாம். இதை நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அத விடச் சுலபமா ஒரு வழி இருக்கு. அது வெட்டின அன்னிக்குப் பக்கத்துல இருந்திருந்தா தெரியும்."

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் புதிதாகப் போட்ட சுவிட்ச் நன்றாகவே வேலை செய்தது.

"இன்னிக்குக் காலைல இந்த மேசைல பன்னெண்டு ரெக்கார்டு கிடந்துச்சு" என்றார் மதிப்பீட்டாளர், இன்னும் டர்ன்டேபிளையே பார்த்தபடி. "பழக்கமில்லாதவங்க சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒண்ணுமேல ஒண்ணா அடுக்குவாங்க. பன்னெண்டும் நிமிர்ந்து நின்னுச்சு. உள்ள எட்டிப் பாத்தேன். பன்னெண்டுலயும் வாய் மேல. ரேடியோ ஸ்டேஷன்ல எல்லாக் குமாஸ்தாவும் காகிதம்தான் பாக்கணும்னு இல்ல. ஆயிரக்கணக்கான ரெக்கார்ட அடுக்கிப் பாத்துக்கற வேலையும் அங்க உண்டு."

மருந்துக்கடைக்காரருக்குக் காலையில் தின்ற பிஸ்கட் ஞாபகம் வந்தது. கண் முன்னால் நடந்ததைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

நிலைப்படி காலியாக இருந்தது. உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. சித்தி திரும்பி வந்தபோது, இரண்டு காலண்டர் அட்டைகளுக்கு நடுவே மெல்லிய துணியில் சுற்றிய தட்டை நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

"பத்திரமாத்தான் இருக்கு" என்றார். "உடைக்கத்தான் எடுத்தேன். கை வரல."

"சித்தி?" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. அந்த ஒரு வார்த்தையில் கோபம் இன்னும் வந்து சேரவில்லை.

"இதுல பாடறது உங்கம்மா இல்லடி. நான்."

அண்ணன் எழுந்து நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை, எழச் சொல்லவுமில்லை. சித்தி தட்டைப் பார்த்தே சொன்னார்.

"நீ பொறக்கறதுக்கு முந்தின வருஷம். உங்கப்பாவுக்குப் புது மெஷின் வந்துச்சு. யாராவது பாடுங்கன்னார். அக்காவுக்குப் பாட்டு வராது. என்னத் தள்ளிவிட்டா. நான் பாடினேன், அவ பக்கத்துல நின்னா. தட்ட உங்கப்பா எடுத்து வச்சுக்கிட்டார், அப்புறம் நான் அதப் போட்டுக் கேக்கவேயில்ல. நீ அழுதேன்னு உங்கப்பா அப்படிச் சொல்லிட்டார். நான் என்னன்னு மறுத்துச் சொல்றது? நாலு வயசுப் புள்ள அந்த உறைய தலைமாட்டுல வச்சுட்டுத் தூங்கினா. நாப்பது வருஷம் அப்படியே போயிருச்சு. நாளைக்கு இருபது பேர் முன்னாடி முதல் வரி கேட்டதும் எல்லாருக்கும் தெரிஞ்சிரும், இது என் தொண்டைன்னு. அக்கா வீட்டுல வந்து உக்காந்தேன், அவ புள்ளைங்கள என் புள்ளைங்கன்னு சொன்னேன். அவ குரலையும் நானே எடுத்துக்கிட்டேன்னு ஆயிரும்ல?"

"போட்டுக் கேட்டது?" என்று மதிப்பீட்டாளர் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு நப்பாசை. ஒருவேளை அது வேற தட்டோ, அக்காவையும் ஏதாவது பாட வச்சிருப்பாரோன்னு. முதல் வரி வந்துச்சு. என் குரல்தான். உடனே மணி அடிச்சுச்சு. ஊசியத் தூக்கி, தட்ட ஒளிச்சு வச்சுட்டு ஓடினேன். பெல்ட்டு மறந்தே போச்சு. உறை உங்கப்பா கையெழுத்து, அத எடுக்க மனசு வரல."

கண்ணாடிக்கடைக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. ஆனால் இத்தனை நாள் கையில் பிடித்திருந்த ஒன்று வெறும் காகிதமாகப் போனது அவள் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. மருந்துக்கடைக்காரருக்குத் தாங்கவில்லை. இந்த வழக்கைத் துப்புத் துலக்காமலே விட்டிருக்கலாம் என்று முதல்முறையாக நினைத்தார்.

"அப்ப அப்பா என்கிட்ட பொய் சொன்னார்" என்றாள்.

"உங்கப்பா பொய் சொல்ற ஆளா?" என்றார் மதிப்பீட்டாளர்.

அண்ணன்தான் பதில் சொன்னார். "கிடையாது சார். ரிப்பேர் ஆகாதுன்னா ஆகாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருவார். அதனாலதான் கடையே போச்சு."

மதிப்பீட்டாளர் மேசையிலிருந்த பழுப்பு உறையை எடுத்து, அவள் முன்னால் தரையில் வைத்தார். "ரெண்டாவது வரிய இதுவரைக்கும் யாரும் படிக்கல. படிச்சோம், ஆனா கேக்கல. மிக்ஸில அவர் காரணமில்லாமலா எழுதினார்?"

அவள் வரியைப் பார்த்தாள். பிறகு சித்தியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்துவிட்டு, எழுந்து ஒதுங்கி நின்று இடம் விட்டாள்.

சித்தி சுற்றுத்தட்டைத் தூக்கி, விரல் நுனியால் பெல்ட்டைப் பெரிய படிக்கு நகர்த்தினார். ஊசியார் டப்பாவிலிருந்து லேசான ஊசி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் ஊசியைப் பற்றி விளக்காமல் ஊசி கொடுத்தது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் தான் கொண்டுவந்திருந்த பதிவுக் கருவியை ஓட விட்டார். ஊசி இறங்கியது.

கரகரப்பு. அதன்பின் ஓர் இளம்பெண் குரல். வார்த்தை அதிகமில்லாத, மெதுவான பாட்டு. சித்தி சுவரைப் பார்த்து நின்றார். இரண்டு நிமிடத்தில் பாட்டு முடிந்தது. கரகரப்பு மட்டும் மிஞ்சியது. சித்தியின் கை தன்னால் ஊசியைத் தூக்கப் போனது. மதிப்பீட்டாளர் தலையை மட்டும் அசைத்தார். கை நின்றது.

ஊசி தட்டின் கடைசிச் சுற்றுக்குள் வந்தது. ஒவ்வொரு ரெக்கார்டின் முடிவிலும், எங்கும் போக வழியில்லாத ஒரு வட்டம் இருக்கும். யாராவது வந்து தூக்குகிறவரை ஊசி அதிலேயே சுற்றும். எல்லா ரெக்கார்டிலும் அந்த வட்டம் ஊமை. இதை வெட்டியவர் மைக்கை நிறுத்தக் கொஞ்சம் தாமதித்திருந்தார்.

"போதும்டி, வா" என்றது இன்னொரு குரல். கனமான, சிரிப்பை அடக்கிய குரல். வட்டம் சுற்றியது. "போதும்டி, வா." மறுபடியும் சுற்றியது. "போதும்டி, வா."

"அக்கா" என்றார் சித்தி. சுவரைப் பிடித்துக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கையப் பிடிச்சு இழுத்தா. மைக் ஓடிட்டிருந்துச்சா?"

அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "இதான். இதேதான்" என்றார். டிரைவிங் பள்ளிக் குரல் எங்கேயோ போய்விட்டது.

மெழுகுத் தட்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசி அந்தக் குரலைக் கொஞ்சம் தேய்க்கிறது. வேறு நாளாக இருந்தால் மருந்துக்கடைக்காரர் பாய்ந்து போய்த் தூக்கியிருப்பார். இன்றைக்கு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு எண்ணினார். இருபது. இருபத்தொன்று. கண்ணாடிக்கடைக்காரி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. முப்பதாவது சுற்றில் அவளே கையை நீட்டி, சில்லைப் பிடிக்கிற அதே நிதானத்தோடு, ஊசியைத் தூக்கினாள்.

ஊசியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பதிவாயிருச்சா?" என்று கிசுகிசுத்தார். மருந்துக்கடைக்காரர் ஆமென்று தலையசைத்தார்.

"சரி, இனிமே அதப் போட வேணாம். உள்ள பத்திரமா வச்சிருவோம்" என்றார் சித்தி, காலண்டர் அட்டைகளைக் கையிலெடுத்து. கண்ணாடிக்கடைக்காரியை நிமிர்ந்து பார்க்க அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

"வேணாம் சித்தி" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. "முதல்லருந்து போடு. அம்மா குரலுக்காகக் காத்திருந்ததுல பாட்ட சரியாக் கேக்கல."